முப்பது தாண்டிய பிறகு வெயிட் தூக்குவது எதற்கு?

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, முப்பத்தைந்து வயதில் ஒருவர் திடீரென்று ஜிம் தேடத் தொடங்கினால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு இரத்தப் பரிசோதனை அறிக்கை இருக்கும். கந்தோரில் வருடாவருடம் எடுக்கும் மெடிக்கல். வெறும் வயிற்றுச் சீனி 110ஐத் தொட்டிருக்கும், கொழுப்புக் கணக்கில் ஒன்றிரண்டு எல்லை தாண்டியிருக்கும், ஸ்கேனில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஒரு வரி இருக்கும். ஆளைப் பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை கால் மெலிவு, தோள் ஒடுக்கம், வயிறு மட்டும் சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும். டொக்டர் "எக்சர்சைஸ் செய்யுங்கோ" என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் பின்னேரமே மரைன் டிரைவில் நடை தொடங்கிவிடும்.

நடப்பது நல்லதுதான், அதை விடவே கூடாது. ஆனால் அந்த அறிக்கைக்குப் பதில் சொல்ல நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது: வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும், அதோடு கிழமையில் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பாரமான வேலை கொடுக்க வேண்டும். முதல் பாதி எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். பின்னேரம் ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்துக்குப் போனால் நடக்க இடம் தேட வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் "பெடியன்கள் கண்ணாடிக்கு முன்னால் செய்கிற வேலை" என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். முப்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு, அதுவும் எங்களைப் போன்ற உடல்வாகு உள்ளவருக்கு, அவசரமாகத் தேவைப்படுவது அந்த இரண்டாவது பாதி.

காரணத்தைத் தெரிந்துகொள்ள, சாப்பிட்ட சோறு உடலுக்குள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சோறு, பாண், இடியப்பம் எதுவானாலும் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. இன்சுலின் சுரந்ததும் அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள். ஆய்வுகூடத்தில் இன்சுலினை நாளத்துக்குள் ஏற்றி அளந்து பார்த்தபோது, உடல் உள்ளெடுத்த குளுக்கோசில் ஏறக்குறைய 80 வீதம் தசைக்கே போயிருந்தது. தசை அதைக் கிளைக்கோஜனாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. ஈரல் 100 கிராம் அளவில் சேர்க்கும் என்றால், உடல் முழுவதும் உள்ள தசைகள் 400, 500 கிராம் வரை சேர்க்கும். தசை குறைந்தவருடைய களஞ்சிய அறை சின்னது. மூட்டைகள் மூன்று நேரமும் வந்துகொண்டே இருக்க, அடுக்க இடமில்லாமல் விறாந்தையில் குவிகின்றன. இரத்தத்தில் தேங்கும் சீனியும் ஈரலில் படியும் கொழுப்பும் அப்படிக் குவிந்தவைதான்.

இன்னொரு விடயம் இதைவிட முக்கியம். வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. தசை சுருங்கி விரியும்போது குளூட் 4 என்ற புரதம் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோசை நேரடியாக உள்ளே விடுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்கு அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். இன்சுலின் சுரந்தாலும் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, தொடங்கிவிட்ட உடலுக்கு இது பின்கதவு வழியாகக் கிடைக்கும் உதவி. கிழமையில் ஒரே நாளில் மூன்று மணித்தியாலம் வருத்திக்கொள்வதைவிட இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்வது சீனிக்கு நல்லது என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

எங்களைப் போன்ற உடல்வாகு என்று மேலே சொன்னதற்கு விளக்கம் வேண்டும். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர் யாஜ்னிக்கும் பிரித்தானிய ஆய்வாளர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைச் சுட்டெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. சாதாரண அளவுகோலில் இருவருமே ஆரோக்கியமானவர்கள். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். அதே எடைக்குள் தெற்காசியருக்குக் கொழுப்புக் கூட, தசை குறைய. அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசிய மக்களுக்கு 25க்குப் பதிலாக 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று சொன்னது. இலங்கையில் 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டியது. நகர்ப்புறத்தில் அது 16.4 வீதம். நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் "எடையைக் குறையுங்கோ" என்று மட்டும் சொன்னால் என்ன நடக்கும்? இரவுச் சாப்பாட்டை நிறுத்துவார், நடப்பார், ஐந்து கிலோ இறங்கும். இறங்கிய ஐந்தில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். ஏற்கனவே தசை குறைந்த உடலில் அது இன்னும் குறைந்தால் பழைய சிக்கல் திரும்பி வரும் வழி சுலபமாகிவிடும். தராசு காட்டும் எண்ணை மட்டும் நம்பிப் பட்டினி கிடப்பதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். எடை குறையாமலே, இடுப்பளவு இரண்டு அங்குலம் இறங்கி, தோளும் தொடையும் நிறைந்தால் அது பெரிய வெற்றி.

சரி, முப்பதுகளில் உடலுக்கு உண்மையில் என்ன நடக்கிறது? முப்பது வயதுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 வீதம் தசை குறைகிறது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். முதுமையில் வரும் இந்தத் தசை இழப்புக்கு 1989இல் ரோசன்பேர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயர் வைத்த பிறகுதான் மருத்துவ உலகம் அதைத் தனி நோயாகவே கவனிக்கத் தொடங்கியது. ஆண்களுக்கு டெஸ்டஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் முப்பதுகளிலிருந்து வருடத்துக்கு ஒரு வீத அளவில் இறங்குகிறது. கேட்கப் பயமாக இருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு இதனால் போயிருப்பது மிகக் கொஞ்சம்.

"வயது போகப் போக மெட்டபொலிசம் குறைந்துவிடும்" என்பதும் எல்லோரும் சொல்வது. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கு மேற்பட்டவர்களின் சக்திச் செலவை அளந்து பார்த்தது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால், இருபதிலிருந்து அறுபது வயது வரை சக்திச் செலவு மாறுவதே இல்லை. அப்படியென்றால் முப்பதுகளில் வயிறு வைப்பதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அது தூரத்தில் இல்லை. பாடசாலை நாளில் பின்னேரம் முழுக்க விளையாடியவர் இப்போது காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், கந்தோர்க் கதிரையில் எட்டு மணித்தியாலம், திரும்பி வரும்போது காலி வீதி நெரிசலில் இன்னுமொரு மணித்தியாலம் இருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் ஹோம்வேர்க், பிறகு கையில் போன். நித்திரை ஆறு மணித்தியாலம் கூட இல்லை. தசையைக் கரைப்பது இந்த வாழ்க்கை முறை. வயதின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

உடல் இன்னும் தயாராகத்தான் இருக்கிறது என்பதற்குப் பலமான சாட்சி முப்பது வயதில் கிடையாது, தொண்ணூறு வயதில் கிடைக்கிறது. 1990இல் பொஸ்டன் நகரத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு எட்டுக் கிழமை வெயிட் பயிற்சி கொடுத்தது. சும்மா கையைக் காலை ஆட்டும் பயிற்சி இல்லை. அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 வீதம் வரை ஏற்றிய, உண்மையான பாரம். ஒன்பது பேர் முடித்தார்கள். காலின் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது, தொடைத் தசையின் பரப்பு 9 வீதம் கூடியது. கைத்தடியோடு வந்தவர்களில் இரண்டு பேர் தடியை விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதுத் தசை இப்படிக் கேட்கும் என்றால் முப்பத்தெட்டு வயதுத் தசை கேட்காமல் போகுமா?

அவர்கள் பயன்படுத்திய தத்துவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குரியது. சிக்காகோவில் இராணுவ மருத்துவமனையில் வேலை செய்த தோமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், கால் முறிந்து முழங்கால் பலம் இழந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை இருந்த வழக்கம், மிகக் குறைந்த பாரத்தை மிகப் பல தடவை அசைக்க வைப்பது. டிலோர்ம் அதைத் தலைகீழாக்கினார். பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தைக் கொடுத்தார். பலம் கூடக் கூட அந்தப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்றைக்கு உலகத்தில் எந்த ஜிம்முக்குப் போனாலும் "மூன்று செட், பத்து ரெப்ஸ்", அதாவது பத்துப் பத்துத் தடவையாக மூன்று சுற்று, என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும் என்ற அந்த ஒரு விதியை விட்டுவிட்டால், எத்தனை வருடம் ஜிம்முக்குப் போனாலும் உடல் அதே இடத்தில் நிற்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓடும் குறுக்குத் தெருக்களில் மாடியில் இயங்கும் சின்ன ஜிம்கள் உண்டு. பின்னேரம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். கந்தோர் உடுப்பைப் பையில் திணித்துவிட்டு வந்த ஒருவர் டம்பெல்லைத் தோளுக்கு மேலே தள்ளிக்கொண்டிருப்பார். எட்டாவது தடவையில் வேகம் விழும். கை நடுங்கும், முகம் சுருங்கும், டம்பெல்லை இறக்கிவிடப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர் முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு "ஐயே, தவ தெகய்!" என்பார். இன்னும் இரண்டுதான், அண்ணா. சிங்களம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் அந்த வசனம் புரியும்.

அந்தக் கடைசி இரண்டில் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. தசை நார்களை மூளை ஒரேயடியாக எழுப்புவதில்லை. முதலில் சின்ன, களைக்காத நார்களை வேலைக்குக் கூப்பிடும். அவை களைத்த பிறகு, அல்லது பாரம் மிகக் கூடும்போது மட்டும், பெரிய வேகமான நார்களைக் கூப்பிடும். நன்றாகப் பருப்பவை இந்தப் பெரிய நார்கள். வயது போகும்போது முதலில் மெலிபவையும் இவையே. குளியலறை ஈரத்தில் கால் வழுக்கும்போது விழாமல் சட்டென்று பிடித்துக்கொள்ள உதவுபவையும் இவைதான். காலிமுகத்திடலில் எத்தனை சுற்று நடந்தாலும் இந்த நார்கள் நித்திரையில்தான் இருக்கும்.

இதனால் பயங்கரப் பாரம் தூக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. உச்ச எடையில் 30 வீதம் போன்ற குறைந்த பாரத்தைத் தூக்கினாலும், இனி முடியாது என்ற இடத்துக்குக் கிட்டப் போகும்வரை தூக்கினால், பெரிய பாரம் கொடுக்கும் அளவு தசை வளர்ச்சியே கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. பலம் கூடுவதில் மட்டும் பெரிய பாரத்துக்கு மேல்கை. மூட்டு வலி உள்ளவருக்கும் வீட்டில் செய்பவருக்கும் இது நல்ல செய்தி.

தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. முதல் ஆறு எட்டுக் கிழமையில் பலம் மளமளவென்று கூடும். தசை அதற்குள் அவ்வளவு வளர்ந்திருக்காது. நரம்புகள் தசையை ஒழுங்காக எழுப்பப் பழகியிருக்கும், அவ்வளவுதான். அந்த உற்சாகத்தில் கிழமைக்குக் கிழமை தட்டுகளை ஏற்றுவார்கள். ஆனால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள் மிக மெதுவாகப் பலப்படுபவை. இருபது வயதில் அவை பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். முப்பத்தைந்துக்குப் பிறகு தோள், முழங்கை, முழங்கால் என்று ஒன்றொன்றாக முறையிடத் தொடங்கும். மூன்றாவது மாதத்தில் "தோள் பிடித்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறவர்களில் அநேகரின் கதை இதுதான். முதல் மூன்று மாதமும் இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கலாம் என்ற நிலையிலேயே ஒவ்வொரு செட்டையும் நிறுத்திவிடுங்கள். கடைசி இரண்டு ரெப்ஸ் வரை போவது அதற்குப் பிறகு.

திட்டம் எளிமையாக இருக்கட்டும். கிழமைக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடல். குந்தி எழும்பும் ஸ்குவாட், இடுப்பை மடித்து நிலத்திலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், ஏதாவதொன்றைத் தள்ளுவது, ஏதாவதொன்றை இழுப்பது, பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது. இவ்வளவும் இருந்தால் பெரிய தசைகள் எல்லாம் வந்துவிடும். திங்கள் நெஞ்சு, செவ்வாய் கை என்று ஆறு நாளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அட்டவணை சிறு பிள்ளை வைத்திருக்கும் தகப்பனுக்குப் பொருந்தாது. இரண்டு நாள் தவறினால் கால் பயிற்சியே அந்தக் கிழமை நடக்காது. எட்டு ரெப்ஸில் தொடங்கி, மூன்று செட்டிலும் பன்னிரண்டு செய்ய முடிந்த அன்றைக்கு, அடுத்த முறைக்கு இரண்டரைக் கிலோ கூட்டுங்கள். திரும்ப எட்டிலிருந்து தொடங்குங்கள். எழுதி வைக்க ஒரு சின்னக் கொப்பி போதும்: திகதி, பாரம், ரெப்ஸ். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாதக்கணக்கில் ஒரே பாரத்தைத்தான் தூக்குகிறார்கள்.

ஜிம்முக்குப் போக முடியாதவர்கள் நிறையப் பேர், பெண்கள் குறிப்பாக. பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கும் ஜிம்கள் கொழும்பில் இருக்கின்றன. ஆனால் அந்த நேரம் பெரும்பாலும் வேலை நேரத்தில் வரும். வீட்டில் தொடங்கலாம். ஐந்து லீற்றர் தண்ணிப் போத்தல் என்றால் ஐந்து கிலோ. கந்தோரில் வைக்கும் பெரிய தண்ணிப் போத்தல் 19 லீற்றர், அதாவது 19 கிலோ. கதிரையில் இருந்து எழும்புவதும் மேசையில் கை ஊன்றிச் செய்யும் புஷ்-அப்ஸும் முதல் மாதத்துக்குத் தாராளம். "வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேன்" என்ற பயத்துக்கு இடமே இல்லை, பெண்ணுடலில் டெஸ்டஸ்டெரோன் அவ்வளவு குறைவு. பெண்கள் கவலைப்பட வேண்டியது எலும்பைப் பற்றி. எலும்பின் அடர்த்தி முப்பது வயதுக்குக் கிட்ட உச்சத்துக்கு வந்து, மாதவிடாய் நின்ற பிறகு வேகமாகச் சரிகிறது. அவுஸ்திரேலியாவில் 2018இல் வெளியான ஒரு ஆய்வில், எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் எட்டு மாதம் மேற்பார்வையோடு பெரிய பாரம் தூக்கியபோது முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் லிஃப்ட் வேலை செய்யாத நாளில் பத்துக் கிலோ அரிசிப் பையை நாலாம் மாடிக்குத் தூக்கிப் போகும் அம்மாமார், தங்களுக்கு இந்தப் பலம் இருப்பதை அறியாமலே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு வெறும் ஆரோக்கியத்துக்கு மேலான ஒரு கவலை இருக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 12.4 வீதமானவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். தெற்காசியாவில் வேகமாக முதுமை அடையும் நாடு எங்களுடையது. அதற்குள் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் நிலைமை வேறு. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் ஃபிளாட்டில் தனியே இருப்பது இங்கே சாதாரணக் காட்சி. கொமட்டிலிருந்து எழும்ப முடியாமல் போவது, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது, அதற்குப் பிறகு யாரையாவது சம்பளத்துக்கு வைத்துப் பார்ப்பது. இப்போது முப்பதுகளில் இருக்கும் எங்களுக்கும் அந்த நாள் வரும், அப்போது எங்கள் பிள்ளைகள் எந்த நாட்டில் இருப்பார்களோ தெரியாது. 2015இல் லான்செட்டில் வந்த ஆய்வு 17 நாடுகளில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேரின் கைப்பிடிப் பலத்தை அளந்து பல வருடம் பின்தொடர்ந்தது. பிடி ஐந்து கிலோ குறைய, மரண ஆபத்து 16 வீதம் கூடியிருந்தது. பிடியின் பலம் மொத்தத் தசைப் பலத்தின் அடையாளம். சேமிப்பை எங்கே வைக்கலாம் என்று வங்கி வட்டி பார்த்து ஓடித் திரியும் வயதில், இந்தச் சேமிப்பையும் தொடங்குவது புத்திசாலித்தனம்.

அப்புறம் சாப்பாடு. பயிற்சியைவிட எங்கள் ஆட்கள் பின்தங்கி நிற்பது இங்கேதான். காலையில் பத்து இடியப்பம், சம்பல், சொதி: புரதம் பத்துக் கிராமைத் தாண்டாது. மத்தியானம் சோற்றுப் பார்சல். திறந்து பார்த்தால் வாழையிலைத் தாள் நிறையச் சோறு, ஒரு மூலையில் எலும்போடு ஒரு கோழித் துண்டு, இரண்டு கரண்டிப் பருப்பு, மரக்கறி மூன்று வகை, அப்பளம். எல்லாம் சேர்த்து முப்பது கிராம் வரும். இரவு கால் இறாத்தல் பாணும் பருப்பும்: பதினைந்து. நாள் முழுவதும் ஐம்பத்தைந்து கிராம். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் அடிப்படை அளவு ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் வீதம் 56 கிராம், ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தசை வளர்க்க அது போதாது. 2018இல் 49 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவு வரை புரதம் பயன் தருவதாகத் தெரிந்தது. எழுபது கிலோக்காரருக்கு 112 கிராம். எங்கள் சாப்பாடு அதில் பாதியில் நிற்கிறது.

மீதிப் பாதியை இறக்குமதி டப்பாவில் தேட வேண்டியதில்லை. இரண்டு அவித்த முட்டை 12 கிராம். பெரிய டின்மீன் பாதியில் இருபத்தைந்து கிராமுக்குக் குறையாது. ஐம்பது கிராம் சோயாமீட்டிலும் அதே அளவு. அவித்த கடலை ஒரு கோப்பை 14 கிராம், ஒரு பிடி கச்சான் ஏழு, மூன்று மேசைக்கரண்டி பால்மா ஏழு. நெத்தலிக் கருவாட்டில் புரதம் மிக அதிகம். உப்பும் அதிகம், பிரஷர் உள்ளவர்கள் ஊறவைத்துக் கழுவிக் குறைவாகச் சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சோயாமீட்டும் கடலையும் பயறும் தயிரும் அந்த நாளைத் தாங்கும். கந்தசஷ்டி போன்ற விரத நாள்களில் பாரத்தைக் குறைத்து உடலை அசைத்தால் போதும். ரமழான் நோன்பு பிடிப்பவர்கள் நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துப் பயிற்சி செய்து, அதற்குப் பிறகும் விடியமுன் சாப்பிடும் சஹருக்கும் புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுவது வசதி. சோற்றைப் பகையாக்க வேண்டியதில்லை. பார்சலில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, இன்னொரு துண்டு மீனோ கோழியோ கேட்டு வாங்கினால் வேலை முடிந்தது.

2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது, இறக்குமதிப் புரோட்டீன் பவுடர் நடுத்தரக் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. நட்டம் பெரிதில்லை. பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம்தான், கோப்பையில் இல்லாத எந்த மந்திரமும் அதில் இல்லை. காசு மிஞ்சினால் வாங்கத் தகுந்த ஒரே பொருள் தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின், நாளுக்கு 3 முதல் 5 கிராம். விளையாட்டு ஊட்டச்சத்தில் மிக நன்றாக ஆராயப்பட்டவற்றில் ஒன்று. அது இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் "கிரியேட்டினின்" என்ற கழிவின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று வீணாகப் பயப்படாமல் பரிசோதனைக்கு முன்னரே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். கூடுதல் புரதம் ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதாக ஆதாரம் இல்லை. ஏற்கனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

ஊசி, குளிசை என்று யாராவது மெதுவாகக் காதில் சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். ஸ்டெரொய்ட் தசையை வளர்க்கும், அதில் பொய்யில்லை. வெளியிலிருந்து ஹோர்மோன் வரும்போது உடல் தன்னுடைய உற்பத்தியை நிறுத்திவிடும்; விந்தணு உற்பத்தி படுத்துவிடும். திருமணமாகிப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் முப்பதுகளில் இது எப்படிப்பட்ட அடி என்று சொல்லத் தேவையில்லை. மீள மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு. நல்ல கொலஸ்ரோல் சரியும், இதயத்தின் சுவர் தடிக்கும், ஈரல் பாதிக்கப்படும். சீனியையும் இதயத்தையும் காப்பாற்ற வந்த இடத்தில் இதைச் செய்வது அநியாயம்.

கொழும்பின் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. காற்றோட்டமில்லாத மாடியறையில் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்தால் தசை நார்கள் உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடவும் கூடும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மறுநாள்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீரோடு உப்பும் வேண்டும். செவ்விளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை நொந்தால் பயமில்லை. மூட்டில் குத்தும் வலி, நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பிரஷருக்கு மருந்து எடுப்பவர்கள், நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் தொடங்க முன் டொக்டரைப் பார்க்க வேண்டும்; தூக்கும்போது மூச்சை அடக்கவும் கூடாது, தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆவணி வந்தால் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போய்விடுவோம், பிறகு கல்யாண வீடு, பிள்ளைக்குக் காய்ச்சல், மாதக் கடைசி வேலை. இடைவெளி விழாத ஆளே கிடையாது. இரண்டு மூன்று கிழமை நின்றால் தசை போய்விடாது. பின்லாந்தில் செய்த ஒரு ஆய்வில் ஒரு குழு இருபது கிழமை தொடர்ந்து பயிற்சி செய்தது. இன்னொரு குழு பத்துக் கிழமை செய்து, பத்துக் கிழமை முழுவதுமாக விட்டு, திரும்பப் பத்துக் கிழமை செய்தது. கடைசியில் இரண்டு குழுவின் தசையும் பலமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. ஆகவே திருவிழா முடிந்து வந்ததும் விட்ட பாரத்தை முதல் நாளே தேடிப் போக வேண்டாம். கொப்பியில் கடைசியாக எழுதியதில் பாதிப் பாரத்தை முதல் நாள் தூக்குங்கள், அடுத்த பயிற்சி நாளில் முக்கால், அதற்கடுத்த கிழமை முழுப் பாரம்.